கண்மாய்க் கரையில் விதைத்த சர்க்கார் கடலை

1. முதல் ரிப்போர்ட்

நாற்பதுகளில் நான் புதுக்கோட்டை சமஸ்தானத்து விவசாய இலாகாவில் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர்; புது விதைகளை வயலில் போட்டுக் காட்டுகிற வேலை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் எட்டு விவசாயிகளிடம் புது நிலக்கடலை விதை கொடுத்து, ஒரு நிலத்துண்டில் அதையும், அதே அளவு இன்னொரு துண்டில் நாட்டு விதையையும் போடச் சொன்னோம். அறுவடையில் புது விதைக்குச் சராசரியாகத் துண்டுக்குப் பதினான்கு படி கூடுதல். டி டெஸ்ட் என்கிற புள்ளிவிவரக் கணக்கைப் போட்டேன். இரண்டு விதையும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வருவது அபூர்வம் என்றது கணக்கு. நாட்டு விதையை நிறுத்திவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

"ஒன்னைய பெர்மனெண்ட் பண்ணிருவோம்யா" என்றார் மேலதிகாரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. வள்ளியம்மை சொன்னது

எட்டுப் பேரில் ஒருத்தி வள்ளியம்மை. விதை கொடுத்த சாக்கைத் திரும்ப வாங்கப் போனபோது பேச்சுவாக்கில் சொன்னாள்.

"சர்க்கார் வெதையாச்சேன்னு கண்மாய்க் கரையோரத் துண்ட ஒதுக்குனேன் தம்பி. நம்ம வெதை மேட்டுல கெடந்துட்டுப் போவுது."

"எல்லாருமா அப்படிப் போட்டாங்க?"

"பின்னே? ஊருக்கு வந்த வெதைய பொட்டல்லயா போடுவாக?"

நான் ஒப்பிட்டது விதையை அல்ல, மண்ணை! விதைக்கிற அன்றைக்கு எட்டிக்கூடப் பார்க்காத மடையன் நான். நாட்டு விதையெல்லாம் செக்குக்குப் போய்விட்டால் இந்த ஜனங்கள் மறுபடி விதைக்கு எங்கே போவார்கள்?

மறுநாளே மேலதிகாரியிடம் சொன்னேன். "மேல அனுப்பப்போற நேரத்துல வந்து சொல்றியே! வேலை நெரந்தரமாகிறது புடிக்கலையா ஒனக்கு?" என்று கத்தினார்.

"எந் தப்புதாங்க சார்" என்றேன். ரிப்போர்ட்டை விசிறியடித்தார்; ஆனாலும் அதை மேலே அனுப்பவில்லை.

3. மறு வருஷம்

இந்தமுறை ஒவ்வொரு துண்டையும் நானே நின்று இரண்டாகப் பிரித்தேன். எந்தப் பாதிக்கு எந்த விதை என்று காசு சுண்டிப் போட்டோம். வித்தியாசம் மூன்று படிதான். கான்ஃபிடன்ஸ் லிமிட் போட்டால், உண்மை வித்தியாசம் இரண்டு படி குறைவாகவும் இருக்கலாம், எட்டுப் படி கூடுதலாகவும் இருக்கலாம். நடுவில் சைபரும் உட்கார்ந்திருந்தது; அதாவது வித்தியாசமே இல்லாமலும் இருக்கலாம்.

"புது வெதை ஒசத்தியா இல்லியா?" என்றாள் வள்ளியம்மை.

"சொல்ல முடியல ஆத்தா."

"இதச் சொல்லவா ரெண்டு வருசமா சைக்கிள் மிதிச்சீக?" விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நாட்டு விதையை நிறுத்தும் உத்தரவு வரவில்லை. பெர்மனெண்ட் உத்தரவு வேறொருவருக்கு வந்தது. அழுதேன், மறைப்பானேன்? இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களே, விதைக்கிற நாளில் வயலில் நில்லுங்கள், கணக்கு அப்புறம். பிறகு எத்தனையோ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுதிய அந்த ஒன்றைத்தான் திரும்ப எடுத்துப் படிக்க ஆசையாக இருக்கிறது.