என் ராணி வேஷத்தையும் நடித்த மாஸ்டர்

அல்பிரட் மாஸ்டர் போய்விட்டார். குருநகரிலிருந்து அவருடைய மகள் இப்போதுதான் போன் பண்ணினாள்...

ஒரே பள்ளிக்கூடத்தில் அவர் இங்கிலீஷ், நான் கணக்கு. மேடையில் அவர் ராஜா, நான் ராணி. யாழ்ப்பாணத்தில் ஷேக்ஸ்பியரை அவரைவிட நன்றாக நடித்தவர் கிடையாது. யாரும் கொமென்ட்டில் சண்டைக்கு வரவேண்டாம், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

"ரீச்சர், கணக்குப் பிழைச்ச பிள்ளையைப் பாக்கிற மாதிரி ராஜாவைப் பாக்காதேங்கோ" என்பார் ரிகேர்சலில். எனக்கு வேறு பார்வை வராது, என்ன செய்ய.

அந்த வருஷ ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடிக்க இருந்தது ஏழு பேர். சண்டைக் காலம்... ஒவ்வொருவராகக் கொழும்பு, கனடா என்று கிளம்ப, மிஞ்சியது அவரும் நானும்தான்.

நாடகத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நானும் கிளம்பினேன். அவரிடம் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லை, அதுதான் உண்மை.

யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற அப்போது கிளாலிக் கடல்நீரேரிதான் வழி. அங்கே இரண்டு நாள் காத்திருந்தும் படகு ஓடவில்லை. திரும்பி வந்தேன். நாடகம் நின்றிருக்கும் என்று பார்த்தால்... சேர்ச் ஹோலுக்கு வெளியே நிறையச் சைக்கிள்!

கரண்ட் இல்லாததால் பகல் மூன்று மணி ஷோ. சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன்.

மேடையில் அவர் மட்டும். பள்ளிக்கூட சயன்ஸ் லாப் கோட்தான் ராஜ உடை. ஷேக்ஸ்பியரை நடிக்க நாங்கள் ஏழு பேரும் பட்ட பாட்டைத் தனியாளாக நடித்துக்கொண்டிருந்தார். மந்திரி வசனம் மறந்தது, இளவரசன் விசா வந்ததும் வாளைப் போட்டுவிட்டு ஓடியது... ஹோல் முழுக்கச் சிரிப்பு.

பிறகு ராணி. ஐயோ, என் நடை, என் முறைப்பு! சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"ரீச்சர் இப்ப கிளாலியிலை நிப்பா. தண்ணியெண்டால் சரியான பயம் அவவுக்கு. பத்திரமாப் போய்ச் சேரவேணும்."

எனக்கு அழுகை வெடித்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"ஓ... ராணி வந்திட்டா! இருங்கோ ரீச்சர், மேடைக்கு வந்திடாதேங்கோ. நான் நல்லாத்தான் செய்யிறன்."

அடுத்த மாதம் மறுபடி கிளாலி. இந்தமுறை அவரிடம் நேரே போய்ச் சொன்னேன்.

"ஓம், போயிட்டு வாங்கோ" என்றார். "ராணியை வேற ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். நீங்கள் வருமட்டும் நானே செய்யிறன்."

முப்பது வருஷம். நான் திரும்பிப் போகவில்லை. ராணிக்கு அவர் வேறு ஆளைப் போடவும் இல்லையாம், மகள் சொன்னாள்.

போய் வாருங்கள், மாஸ்டர்.