மருந்து டின்னில் புட்டு மாவு

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மாதம். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் என் கணவருக்கு சூப்பர்வைசர் வேலை. எங்களுக்கு மூன்று வயதில் ஒரு மகள்.

எதையும் தூக்கிப்போட மனசு வராத பிறவி நான். கிழிந்த சாக்கைக்கூடக் கால்மிதியாக்கி விடுவேன். கணவர் என்னைக் 'குப்பைக்காரி' என்பார். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும்.

பூச்சிமருந்து அடித்து முடித்த காலி டின்கள் ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தன. நல்ல இறுக்கமான மூடி, தூக்கிப் போக யாரோ முறுக்கி மாட்டிய கம்பிப்பிடி. மலையில் மழைக்காலத்தில் மாவு நமத்துப்போகாமல் இருக்க இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்றைத் தூக்கிவந்து புளியும் சாம்பலும் போட்டு மூன்று நாள் தேய்த்தேன். மருந்து வாடை மட்டும் போகவில்லை. உடைந்த ஏலக்காய்த் தோலைப் போட்டு ஒரு வாரம் மூடி வைத்தேன். திறந்தால் கமகமவென்று ஏலக்காய் மணம். வாடை போனதோடு விஷமும் போயிற்று என்று நினைத்து, புட்டு மாவை வறுத்து நிரப்பினேன்.

மறுநாள் காலை கணவரைத் தேடி மருந்தடிக்கும் தொழிலாளி ஒருவர் வந்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"மதினி, அந்தக் கம்பிப்பிடி நான் முறுக்குனதுல்ல? மருந்து டின்னுலயா மாவு வச்சிருக்கீக? பிள்ளை தின்னுருச்சா?"

மகளின் தட்டில் பாதிப் புட்டு காலி. தட்டைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன். அந்தத் தொழிலாளிதான் ஓடிப்போய்த் தோட்டத்து ஜீப்பைக் கொண்டுவந்தார். போடி போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் "கண்ணு, வயிறு வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டர் வயிற்றைக் கழுவி, சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்த்தார். வெயில் தாழும் நேரத்தில் அவள் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா, இட்லி வேணும்" என்றாள். நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டு நாள் கழித்து முதலாளியிடம் நேரிலேயே கேட்டேன், "காலி டின்னை ஏன் அப்படியே போட்டு வைக்கிறீக?" என்று.

"எல்லாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்களேம்மா, வீணாப் போகலையேன்னு நானும் விட்டுட்டேன்" என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. அன்றே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாகப் பார்த்தோம். ஏழு வீடுகளில் அந்த டின், நான்கில் குடிதண்ணீர். எல்லாவற்றையும் வாங்கி ஓட்டை போட்டு, மருந்து கொண்டுவந்த லாரியிலேயே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அதுவே தோட்டத்தின் வழக்கமானது.

இப்போதும் நான் எதையும் வீணாக்குவதில்லை. ஆனால் இதற்குள் முன்னால் என்ன இருந்தது என்று கேட்காமல் ஒரு காலி டப்பாவைக்கூட வீட்டுக்குள் எடுப்பதில்லை. நான் சிக்கனம் என்று பெருமைப்பட்டதில் பாதி யோசனையில்லாத்தனம் என்பதை, என் பிள்ளையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த நாள் சொல்லிக்கொடுத்தது.