மற்றவை

அந்த நிவாரண அலுவலகத்தின் பொறுப்பாளர் மெலிந்த மனிதர். மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்தால் தன் மீன் துண்டைப் பிய்த்து எங்கள் எல்லோருக்கும் பங்கு வைப்பார். வாசல் காவலாளிக்கும் ஒரு துண்டு தப்பாமல் போகும். அதைப் பார்த்துத்தான் அவரை நம்பினேன்.

சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்களின் தொழில்களைக் கணினியில் வட்ட வரைபாக்குவது என் வேலை. அதைப் பார்த்துத்தான் எந்தத் தொழிலுக்கு என்ன சாமான் என்று உதவி ஒதுக்குவார்கள். வயலும் கடலும் வட்டத்தை நிறைத்துக்கொண்டன. வாவியில் அத்தாங்கு வலை பிடித்து இறால் வாரும் என் அப்பா போன்றவர்கள் நூல் மாதிரி ஒரு கோடாகத்தான் தெரிந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். துழாவித் துழாவி, சின்னத் துண்டுகளை மட்டும் பக்கத்தில் இன்னொரு வட்டமாக விரித்துக் காட்டும் வழியைப் பிடித்துவிட்டேன்.

"கெட்டிக்காரன் மனே! இனி உன்ட அப்பாவுக்கும் வலை வரும்" என்று பொறுப்பாளர் என் முதுகில் தட்டினார்.

உதவி கொடுப்பவர்கள் வந்த கூட்டத்தில், சுவரில் ஒரே வட்டம்தான் விழுந்தது. சின்னத் துண்டுகளெல்லாம் சாம்பல் நிறத்தில் 'மற்றவை' ஆகியிருந்தன. மற்றவைக்கு என்ன கொடுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஏன் சேர் மாத்தின நீங்க?"

"ரெண்டு வட்டமெண்டா வெள்ளைக்காரன் கேள்வி கேப்பான் மனே. கேள்வி வந்தா எல்லாருக்கும் பிந்தும்."

"அப்ப எங்கட அப்பா?"

அவர் பார்சலைப் பிரித்தார். அன்று எனக்கு நீட்டியது வழக்கத்தைவிடப் பெரிய துண்டு. வாங்காமல் எழுந்து வந்தேன். ஒருவரையும் விடாமல் மீன் பிய்த்த அந்த விரல்களை இன்றும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.