அம்மா செய்த போணி

ஏமாறுவதற்கும் ஒரு கம்பீரம் வேண்டும். என் அப்பாவுக்கு அது தாராளமாகவே இருந்தது.

கல்கத்தாவில் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவது ஆண்பிள்ளைகளின் வேலை. அதில் அவர்களுக்கு அப்படியொரு பெருமை. அப்பாவுக்குப் பொதுத்துறை அலுவலகம் ஒன்றில் உத்தியோகம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆனாலும் வந்த இடத்து வழக்கத்தை விட்டுவிடலாமா? குளிர்காலம் வந்துவிட்டால் வங்காளிகளைப் போலவே குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு, ஜாதவ்பூரில் எங்கள் தெருவைத் தாண்டியிருந்த காய்கறிச் சந்தைக்குக் கிளம்பிவிடுவார். "உங்களுக்குன்னே எடுத்து வச்சேன் தாதா" என்று அண்ணன் முறை வைத்துக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மனிதர் உருகிப்போவார். அதற்கப்புறம் விலையைக் குறைத்துக் கேட்பது மரியாதையா, சொல்லுங்கள்? வீட்டுக்கு வரும் கத்தரிக்காயில் பாதி சொத்தை. முள்ளங்கி எல்லாம் முற்றல்.

"நான் போயி வாங்கிட்டு வாரேன்" என்று அம்மா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். "பாஷை தெரியாம எங்க போவே?" என்பதுதான் பதில். கல்யாணமாகிப் பத்து வருஷம் தூத்துக்குடியில் தனியாகவே எல்லா இடத்துக்கும் போய்வந்தவள். அப்பாவுக்கு மாற்றலாகி இங்கே வந்த மூன்று வருஷத்தில், எதிரே இருந்த பால் கடையைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்து உபயத்தில் வங்காளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா நறுக்கின கத்தரிக்காயிலிருந்து ஒரு புழு சாவகாசமாக வெளியே வந்து அரிவாள்மனை மேல் நடந்தது. அம்மா அதை அப்படியே அப்பா முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் நான் வாங்குதேன். இதைவிட நல்ல காயா, இதைவிடச் சல்லிசாக் கொண்டாரலைன்னா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"கொண்டாந்துட்டா?"

"கொண்டாந்துட்டா, இனிமே சந்தைக்கு நான்தான் போவேன். தனியா."

அப்பா சிரித்தார். "சரி. இந்த வாரம் பாப்பாவைக் கூட்டிட்டுப் போ. அவ இல்லைன்னா உனக்கு அங்க யாரு பேசுவா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் மானமே என் நாக்கில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாளும் படுதோல்வி. காலை எட்டு மணிக்குப் போனோம். அப்பாவின் ஆஸ்தான கத்தரிக்காய்க்காரர் அப்பாவுக்குச் சொல்லும் அதே விலையைத்தான் எங்களுக்கும் சொன்னார். "இது கத்தரிக்காயா, எங்க பாட்டன் காலத்துச் சாமானாடா? அவன்ட்ட கேளுட்டி!" என்றாள் அம்மா. "கொஞ்சம் குறைச்சுத் தர முடியுமான்னு அம்மா கேக்காங்க" என்பதைப் பவ்வியமாக வங்காளத்தில் சொன்னேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் ஐந்து பைசா குறைக்கவில்லை. இரண்டு நாளும் அப்பா காயைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாம் நாள் அம்மா ஆறு மணிக்கே என்னை உலுக்கி எழுப்பிவிட்டாள். பனிமூட்டத்தில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. கடைகள் அப்போதுதான் சாக்கை விரித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் கொய்யாப்பழம் விற்கும் ஓர் அம்மாள், எல்லாருக்கும் அவர் மாஷி, அதாவது சித்தி முறை. அன்றைக்கு முதலில் கிடைத்த நோட்டைத் தராசில் தொட்டு, நெற்றியில் ஒற்றி, மடியில் செருகினார். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"ஏட்டி, இங்கயும் போணி பார்க்காங்கட்டி!"

அவர்கள் அதைப் பௌனி என்பார்கள். முறை என்னவோ ஒன்றுதான். அன்றைய முதல் ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று பயம். அம்மா நேரே கத்தரிக்காய்க்காரரிடம் போனாள். அவர் சாக்கைக்கூட முழுதாக விரிக்கவில்லை. சொன்ன விலையில் பாதியைக் கேட்டாள். அவர் முடியாது என்று தலையாட்டினார். அம்மா பையை மடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். மனிதர் பதறிப்போய்க் கூப்பிட்டார்! அங்கே முடித்துவிட்டு முள்ளங்கிக் கடை, அங்கேயும் நாங்கள்தான் போணி. பிறகு பட்டாணிக் கடை. பனி விலகுவதற்குள் ஒவ்வொரு கடையிலும் முதல் ஆளாக நின்று பையை நிரப்பிவிட்டோம். அம்மா எனக்கு அப்போது ராணி மாதிரித் தெரிந்தாள், நான் அவளுக்கு மந்திரி.

கடைக்காரர்கள் மட்டும் மக்குகளா என்ன? மறுநாள் எங்கள் தலை தெரிந்ததோ இல்லையோ, கத்தரிக்காய்க்காரர் பக்கத்துக் கடைக்காரருக்கு அவசர அவசரமாக நாலு பச்சை மிளகாயைப் போட்டுக் கொடுத்துக் காசை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். எல்லாக் கடையிலும் இதே கூத்து. ஒருவருக்கொருவர் எலுமிச்சம்பழத்தையும் இஞ்சித் துண்டையும் விற்றுப் போணியை முடித்துக்கொண்டு, பழைய விலையைச் சொல்லிப் பல்லைக் காட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் மூன்றே நாள்!

மாஷி ஒருவர்தான் இந்தக் கூட்டுச் சதியில் சேரவில்லை. அன்றைக்கு அவரிடம் மட்டும் அம்மா போணி செய்தாள். நல்ல விலைக்கு ஒரு கிலோ கொய்யா. மற்ற கடைகளில் ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். வீட்டில் இருந்த பருப்பையும் உருளைக்கிழங்கையும் வைத்து அன்றைய பாட்டை ஓட்டினாள்.

ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூடம் போகும்போது பார்க்கிறேன், மாஷி காலிக் கூடையைக் கவிழ்த்துவிட்டுச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு பழம் மிச்சமில்லை. கத்தரிக்காய்க்காரர் முன்னால் அம்பாரம் அப்படியே கிடந்தது. சாயங்காலம் நான் திரும்பும்போதும் அவர் வாடின காய்க்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஷி சும்மா இருந்திருப்பாரா? தென்னாட்டுக்காரியின் கை ராசியான கை என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. சந்தைக்குள் கால் வைத்தோமோ இல்லையோ, நாலு திசையிலிருந்தும் குரல்.

"பௌதி! பௌனி கொருன், பௌதி!"

அண்ணியாரே, போணி செய்யுங்கள் என்று கெஞ்சுகிறார்கள்! கத்தரிக்காய்க்காரர் முதலில் வந்த ஒரு ஆளை ஓரமாக நிற்கவைத்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். அம்மா அவசரப்படவில்லை. ஒவ்வொரு காயாக எடுத்து, திருப்பி, காம்பைப் பார்த்து, கீழே வைத்தாள். மனிதர் கைகட்டி நின்றார். நான் பேசத் தயாராகத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அம்மா பத்து விரலையும் விரித்துக் காட்டி, "தஷ் டாகா. பஸ்!" என்றாள். பத்து ரூபாய், அவ்வளவுதான். அவர் உடனே நிறுத்துப் போட்டு, மேலே ஒரு கை பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் கொசுறாக வைத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது. அதைச் சொல்ல நான் இருக்கிறேனே, இவளுக்கு என்ன அவசரம்?

ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு. அம்மா போணி செய்து வாங்கின காயை எல்லாம் தரையில் பரப்பிவைத்து, ஒவ்வொன்றின் விலையையும் சொன்னாள். அப்பா குனிந்து ஒரு கத்தரிக்காயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முள்ளங்கியை ஒடித்துப் பார்த்தார், படக்கென்று ஒடிந்தது. சொத்தை தேடிச் சலித்துப்போய் ஒரு கொய்யாவைக் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினார்.

"இந்தக் குளிர்ல தினமும் எந்திரிச்சுப் போக எனக்கென்ன தலையெழுத்தா? நீயே போ" என்றார், பெரிய மனசு பண்ணுகிறவரைப் போல.

அம்மா சமையலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் சிரித்தாள். நானும் கூடப் போய்க் குதித்தேன். ஜெயித்துவிட்டோம்!

திங்கட்கிழமை நான் கண் விழித்தபோது அம்மா வீட்டில் இல்லை. என்னை எழுப்பவே இல்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். ஏழு ஆயிற்று. ஏழரையும் ஆயிற்று. அப்பா இரண்டு தடவை பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதவரைப் போலப் பேப்பரை விரித்துக்கொண்டார். எட்டு மணிக்கு அம்மா வந்தாள். மூக்கு குளிரில் சிவந்திருந்தது. பையில் ஒரு கட்டுக் கீரையும் இரண்டு வாழைக்காயும் மட்டும்.

"இதுக்கா இவ்வளவு நேரம்?" என்றார் அப்பா.

"அப்படியே குளத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தேன். திரும்பி வாரப்ப மாஷி டீ வாங்கிக் குடுத்தாங்க. ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம்."

"நான் இல்லாம யாரும்மா உனக்குப் பேசினா?" என்று கத்தினேன்.

"நான்தான்" என்றாள். சொல்லிவிட்டு, அதில் என்ன வேடிக்கையோ, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இவளுக்காக நாய் மாதிரிக் குளிரில் அலைந்து ஜெயித்துக் கொடுத்தேன், காரியம் ஆனதும் என்னைக் கழற்றிவிட்டாளே! அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. அந்த ஒரு வாரம் உங்கள் அம்மா எதற்காக அப்படி உயிரைக் கொடுத்துப் போராடினாள் என்று அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருந்தால், காய் சல்லிசாகக் கிடைக்கத்தான் என்று அடித்துச் சொல்லியிருப்பேன்.