சைனை அடிக்க விடாதவர்

நேற்று முன்தினம் இறைவணக்கம் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் அழைப்பு வந்தது. ஆவூர் ஆரோக்கிய மேரி டீச்சர் காலமாகிவிட்டார். மாரடைப்பு. அன்று நான் பாடம் நடத்திய லட்சணத்தை மாணவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஆலங்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அவர் கணக்கு, நான் இயற்பியல். ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி. திரிகோணமிதிச் சமன்பாட்டில் சைனின் வர்க்கம் வந்தால் சைனை t என்று வைத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து இருபடிச் சமன்பாடாக்குவார். இரண்டு பக்கமும் இருக்கிறதே என்று யாராவது சைனை அடித்து நீக்கினால் சாக்பீஸ் பறக்கும். “அடிக்கிறதுக்கு முன்னாடி அது பூஜ்ஜியமான்னு பாத்தியா?” விடை வந்த பிறகும் விடமாட்டார். “விடையைச் சமன்பாட்டுக்கு உள்ள வச்சுப் பாரு, சரியா வருதான்னு.”

ஒரு பெற்றோர் கூட்டத்தில் அது வெறும் பாடமாக இல்லாமல் போனது. பிளஸ் ஒன் திருப்புதல் தேர்வில் தோற்றவர்களைக் கணக்குக் குரூப்பிலிருந்து மாற்றிவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். மணமேல்குடி நஸ்ரின் மூன்று மதிப்பெண்ணில் தோற்றிருந்தாள். சம்மதம் எழுதித் தர அவளுடைய அத்தா பேனாவைத் திறந்துவிட்டார். விடைத்தாளைப் புரட்டிய டீச்சரின் முகம் மாறியது. கேள்வி 2 sin²x = sin x; 0 பாகை முதல் 360 பாகைக்குக் குறைவான விடைகள் வேண்டும். நஸ்ரின் 0, 30, 150, 180 என நான்கையும் எழுதியிருந்தாள். துறைத்தலைவர் போட்ட விடைக்குறிப்பில் சைனை அடித்துவிட்டு 30, 150 மட்டும் இருந்தன; சைன் பூஜ்ஜியமாகும் 0, 180 விடுபட்டிருந்தன. அதிகப்படி விடை என்று அவளுக்கு முட்டை.

“பாய், கையெழுத்துப் போடாதீங்க.”

முதல்வர் எழுந்துவிட்டார். “வெளிய எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க டீச்சர். ஆன்ஸர் கீயில இருக்கிறதுதான் மார்க்கு. பிடிக்கலேன்னா நீங்க வேலைக்கு வர வேண்டாம்.”

“சரிங்க சார், வரல. ஆனா இந்தப் புள்ளய மாத்தக் கூடாது. நீங்க அடிச்சுப்போட்ட எடத்துலதான் பாதி விடை இருக்கு. உள்ள வச்சுப் பாருங்க.”

துறைத்தலைவர் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். பாயின் பேனா இன்னும் தாளுக்கு மேலேயே இருந்தது. கடைசியில் துறைத்தலைவர் தலைகுனிந்தபடி முட்டையை அடித்து ஐந்து போட்டார். பாய் பேனாவை மூடினார்.

நஸ்ரின் கணக்கிலேயே இருந்தாள். டீச்சரை அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். தப்பைக் கண்டுபிடித்தவருக்குத் தண்டனை! எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவரோ, “விடுங்க சார், வேற ஸ்கூலா இல்ல?” என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறினார்.

நேற்று ஆவூர் கல்லறைத் தோட்டத்துக்கு, கல்லூரியில் கணக்கு படிக்கும் நஸ்ரின் அத்தாவோடு வந்திருந்தாள். “அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தா…” என்றார் பாய். நஸ்ரின் குனிந்து ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள்.

“நாலையும் வச்சுப் பாத்துட்டேன் டீச்சர். சரியா வருது.”

போய் வாருங்கள், டீச்சர்.