கஸ்தூரியின் கல்யாணக் குடையைத் திறந்தவர்

செய்தி பஸ்ஸில்தான் வந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட காலை. விழுப்புரம் பஸ் நிலையத்தில் குடையை மடக்கிக்கொண்டு டீக்கடைக்குள் நுழைகிறேன். திண்டிவனத்திலிருந்து வந்து நின்ற வண்டியின் படியில் தொங்கிக்கொண்டே கண்டக்டர் கூவினார்: "நடேசண்ணே, குடைக்காரரு பூட்டாருண்ணே! விடிகாலைல நெஞ்சு வலியாம். சாயந்தரம் எடுக்கறாங்களாம். இதே வண்டி திரும்புது, ஜல்தி ஏறுங்க." ஏறிவிட்டேன். சொன்ன டீயைக் குடித்தேனா என்பது இன்றுவரை ஞாபகமில்லை. டீயை மறக்கிற ஆளா நான்?

திண்டிவனம் பஸ் நிலையத்தை ஒட்டின ஜவுளிக்கடை மாடிப்படிக்குக் கீழே, குடையும் பூட்டும் டார்ச் லைட்டும் பழுது பார்த்த ஜெயராஜை அறிந்த அன்பர்களுக்கு இதை எழுதுகிறேன். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சிறு புத்தகம் அச்சடிக்கிறார்கள். அவர் வீட்டுக்கார அம்மா மேரி அக்கா, "நீதான் நல்லா பேசுவியேப்பா, நீயே எழுதிக் குடு" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்தவன். எனக்கு மேற்கொண்டு சொல்லிக்கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று வாத்தியாரே கைகூப்பியதாக நான் சொல்வதுண்டு. ஒரு மூட்டை மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஒன்பது மூட்டையாகப் பேசுகிறவன் என்று என்னைப் பற்றி விழுப்புரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. அதுவும் குறைத்துச் சொன்ன கணக்குதான்.

ஆனால் இதில் ஒரு சங்கதியை மட்டும் கூட்டாமல் எழுதியாக வேண்டும். கண்டமங்கலத்தில் என் அக்கா மகள் கஸ்தூரியின் கல்யாணத்தில் நடந்த குடைச் சங்கதி. பத்து வருஷமாக அதை உங்கள் எல்லோருக்கும் நான் வேறு மாதிரி சொல்லி வந்திருக்கிறேன். இதைப் படித்த பிறகு கஸ்தூரி என்னை மாமா என்று கூப்பிடுவாளா என்பது எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பழக்கம் ஓடுகிற பஸ்ஸில் ஆரம்பித்தது. விழுப்புரம் எண்ணெய் மில்லில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. திண்டிவனம் போகிற வண்டியில் என் குடையை மேலே கம்பியில் மாட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். வண்டி எழுபது மைல் வேகத்தில் பறந்தது. சரி, முப்பது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் தலைகீழாகத் தொங்கின குடை பொசுக்கென்று விரிந்து, கீழே உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரரின் தலைப்பாகையைக் கம்பி முனையில் கொத்திக்கொண்டது.

"யோவ், பஸ்ஸுக்குள்ள மழையா பெய்யுது?" என்று மீசைக்காரர் எழுந்துவிட்டார்.

"மழைக்கு முன்ஜாக்கிரதைங்க" என்றேன் நான். அடி விழுந்திருக்கும். பக்கத்திலிருந்த ஒரு மெலிந்த மனிதர் குடையை வாங்கிப் பார்த்தார். கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே, தண்டிலிருந்து ஒரு சின்ன எஃகு நாக்கு துருத்திக்கொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். கம்பிகளைத் தாங்கி ஏறி இறங்குகிற குழல், குடையை மூடினால் அந்த நாக்கில்தான் மாட்டிக்கொள்ளும். நாக்கை அமுக்கினால் அது தண்டுக்குள் அடங்கிக் குழலை விட்டுவிடும். என் குடையின் நாக்கு தேய்ந்து கிடந்தது. அவர் முன் சீட்டு அம்மாளிடம் கொண்டை ஊசி ஒன்று கேட்டு வாங்கினார், பல்லால் வளைத்தார், நாக்குக்குப் பின்னால் செருகினார். மயிலம் வருவதற்குள் வேலை முடிந்தது.

"இப்ப கெட்டியா மூடிக்கினு இருக்கும்" என்றேன்.

"மூடிக்கினு இருக்கறது பாதி வேலைதாம்பா. கேட்டா வுடணும், கேக்காட்டி வுடக்கூடாது. ரெண்டும் தெரிஞ்சாத்தான் அது கொக்கி" என்றார் அவர். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உன் வாய்க்கு ஒண்ணு மாட்டணும்னா எங்கிட்ட ஊசி பத்தாது" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணாத்தே.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. குடையைப் பழுது பார்த்ததும் கொடுத்துவிட மாட்டார். "யாரு விரல் புடிக்கப் போவுது? அந்த விரலை இட்டுக்கினு வா" என்பார். பெண்டாட்டி குடை என்றால் பெண்டாட்டி வர வேண்டும். அவர் கண் முன்னால் அமுக்கிப் பார்க்க வேண்டும். விரல் வலித்தால் நாக்கை மறுபடி அரத்தால் ராவி, அதன் பின்னால் வைத்த பழைய கடிகார ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப அமுக்கச் சொல்வார். ஒரு பண்ணையார் தன் பெரிய குடையைத் தானே கொண்டுவந்தார். பின்னால் அந்தக் குடையைப் பிடித்து நடக்கிற கூலியாள் நின்றிருந்தார். ஜெயராஜ் பண்ணையாரின் விரலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ வாய்யா, அமுக்கு" என்று கூலியாளைக் கூப்பிட்டார். பண்ணையாருக்கு முகம் சிவந்துவிட்டது.

"குடை என்னுதுடா."

"குடை உங்களுதுதாங்க. கட்டைவிரல் அவருதாச்சே."

அந்தப் பண்ணையார் பிறகு வரவே இல்லை. அந்தக் கூலியாள் வந்தார். அடக்கத்துக்கும் வந்திருந்தார், நான் பார்த்தேன்.

இனி கல்யாணம். நயா பைசா வந்த சமயம். கஸ்தூரிக்கு முதலில் ஒரு இடத்தில் நிச்சயமாகி முறிந்து போயிருந்தது. அதனால் கிளியனூர் சம்பந்தம் கூடி வந்தபோது என் அக்கா சாமிக்கு வேண்டிக்கொள்ளாத நாளில்லை. எங்கள் வழக்கப்படி, பெண்ணை வீட்டிலிருந்து பந்தலுக்கு அழைக்கும்போது தாய்மாமன் ஒரு புதுக்குடையைச் சபை பார்க்க விரிக்க வேண்டும். முன்னாலேயே விரித்துக்கொண்டு வரக்கூடாது. அந்த இடத்தில் விரிக்க வேண்டும், விரிந்ததும்தான் மேளம் எழும்பும். நான் ஒரே தாய்மாமன். குடையைச் செய்தவர் அண்ணாத்தே. கறுப்புச் சாட்டின் துணி, எஃகுத் தண்டு, பித்தளைக் குழல். என் விரலை வைத்துப் பார்த்துத்தான் நாக்கைப் பொருத்தினார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "நடேசா, இதுல கை வெக்காத. எண்ணெய் கிண்ணெய் காட்டிடாத."

எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறவனிடம் போய் எண்ணெய் வைக்காதே என்றால்? தென்னாற்காடு ஜில்லாவில் எண்ணெயைப் பற்றி எனக்குச் சொல்ல ஆள் உண்டா? மில்லிலிருந்து அன்று பிழிந்த மல்லாட்டை எண்ணெயைக் கொண்டுவந்து நாக்கிலும் அது அடங்குகிற பொந்திலும் தாராளமாக விட்டேன். மூடி, வாரைச் சுற்றிப் பொத்தானைப் போட்டு, பீரோ மேல் வைத்துவிட்டேன். இரண்டு மாதம். வெயில் காலம். மல்லாட்டை எண்ணெய் வெயிலிலும் தூசியிலும் இறுகினால் வஜ்ஜிரம் மாதிரி ஆகிவிடும் என்பது எங்கள் மில்லில் தரை கூட்டுகிற அம்மாளுக்குக்கூடத் தெரியும்.

கல்யாணத்தன்று காலை. கஸ்தூரி வாசலில் நிற்கிறாள். எதிரே கிளியனூர்க்காரர்கள். ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிகிறது. நான் வாரை அவிழ்த்து, குடையை ராஜா வாளைத் தூக்குவது போலத் தூக்கி, நாக்கை அமுக்கினேன். அசையவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினேன். கல்.

"இன்னா மாமன்காரரே, குடை இன்னும் தூங்குதா?" என்றது ஒரு குரல்.

"இவரு வாய் தொறக்கறதுல பாதியாச்சும் குடை தொறக்கக் கூடாதா?" என்றாள் ஒரு அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் முறையும் அசையாதபோது யாரும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் வந்தார்.

"தம்பி, எங்களுக்கு இது மனசுக்கு ஒப்பல. பந்தல்ல கால் வெக்கறதுக்கு முன்னயே மூடிக்கிச்சின்னா... பொண்ணை உள்ள இட்டுக்கினு போங்க. மொதல்ல நாம ஒக்காந்து பேசிக்கலாம்."

'பேசிக்கலாம்' என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்பது அந்த வீட்டுக்கு ஏற்கெனவே தெரியும். என் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கஸ்தூரி அழவில்லை. என்னையே பார்த்தாள். எனக்கு அன்று ஒரு பொய்கூட வாயில் வரவில்லை, பாருங்கள்.

கூட்டத்திலிருந்து அண்ணாத்தே எழுந்து வந்தார். "ஐயா, கொஞ்சம் இருங்க. தப்பு என்னுது. இது சாதாக் கொக்கி இல்ல. கல்யாணப் பொண்ணு கை பட்டாத்தான் வுடும். அப்பிடிச் செஞ்சி வெச்சேன். மாமன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"இரும்புக்கு எப்பிடிய்யா தெரியும், எது பொண்ணு கையின்னு?"

"இரும்புக்குத் தெரியாதுங்க. செஞ்சவனுக்குத் தெரியும். புடிக்கப்போற விரலைப் பாக்காம நான் குடை குடுத்ததில்ல. திண்டிவனத்துல யார வேணா கேளுங்க."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கிளியனூர்க் கூட்டத்திலிருந்தே ஒரு அம்மாள், "ஆமாங்க! ஒரு குடைக்கோசரம் என்னையே பஸ் ஏத்தி வரவெச்ச மனுசன் இவருதான். பேஜாரு புடிச்சவரு. பொய் பேச மாட்டாரு" என்றாள்.

"மொதல்ல கற்பூரத்துல காட்டணும்" என்றார் அண்ணாத்தே. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், ஆரத்தித் தட்டின் முன்னால் நின்றார். துணி கருகாமல் ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கு இருக்கிற இடத்தைச் சுடரில் காட்டினார். மற்ற கைக் கட்டைவிரல் நாக்கின் மேலேயே இருந்தது. இறுகின எண்ணெய் எப்போது இளகுகிறது என்பது விரலுக்குத்தான் தெரியும். விரலை எடுத்தால் தெரியாது. அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தோல் பொசுங்குகிற வாடை வந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு துண்டால் துடைத்துக் கஸ்தூரியிடம் நீட்டினார். "அம்மா, மாமனும் நீயுமா புடிங்க. நீ அமுக்கு."

அமுக்கினாள். நாக்கு அடங்கியது. நான் குழலை மேலே தள்ள, டப்பென்று விரிந்தது குடை. மேளம் எழும்பியது. என் அக்கா போட்ட குலவை புதுச்சேரிவரை கேட்டது. இதில் நான் கூட்டவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கண்டமங்கலம் ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றோம். அவர் கட்டைவிரலை ஈரத்துணியில் சுற்றியிருந்தார். "ஏன் அண்ணாத்தே பொய் சொன்னீங்க? அந்தப் பொய்ய நானே சொல்லியிருப்பனே" என்றேன்.

"நீ சொன்னா எவன் நம்புவான்? நான் சொன்னதால நம்பினான். இத்தினி வருசமா சேத்து வெச்சது, இன்னிக்கி ஒரே நாள்ல செலவாயிடிச்சி" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. அப்புறம், "எண்ணெய் ஊத்துனியா?" என்றார். தலையாட்டினேன். "மல்லாட்டையா?" என்றார். அதற்கும் ஆட்டினேன். "நாசமாப் போ" என்றார். அதைத்தான் சிரித்துக்கொண்டு சொன்னார்.

செலவானது என்றது உண்மைதான். கிளியனூரிலிருந்து ஆட்கள் வந்து பெண் கைக்குத் திறக்கிற குடை கேட்டார்கள். "அது ஒரு தடவைதாங்க வரும்" என்று அனுப்பிவிட்டார். புளுகன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதே நேரம் விழுப்புரத்தில் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? அந்தக் கொக்கிக்கு யோசனை கொடுத்தது நான்தான், அண்ணாத்தே வெறும் ராவினவர், கற்பூரமும் என் ஏற்பாடு என்று. அவர் எதிரிலேயே ஒருமுறை சொன்னேன். அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா, இவன் இல்லாட்டி அந்தக் குடையே இல்ல" என்றார்.

அடக்கத்தன்று கஸ்தூரி தன் பிள்ளைகளோடு அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பெட்டி அருகில் நின்று, அழுதுகொண்டே, மேரி அக்காவிடம் சொன்னாள்: "எங்க மாமா யோசனையை இவருதாங்க கையால செஞ்சி குடுத்தாரு." மேரி அக்கா, பெட்டிக்குள் அவர் நெஞ்சின் மேல் கோத்து வைத்த கைகளைத்தான் பார்த்தார். வலது கட்டைவிரல் நுனியில் ரேகை இல்லை. வழவழவென்று ஒரு வடு. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கேட்டால் விட வேண்டும் என்று சொன்னவர் எதிரில் படுத்திருக்க, என் வாய் திறக்கவில்லை.

அதனால் இப்போது சொல்கிறேன். கஸ்தூரி, யோசனை என்னுடையது இல்லை. எண்ணெய் மட்டும்தான் என்னுடையது.

போன ஆடியில் அவர் கடைசியாகப் பார்த்துக் கொடுத்த என் குடை இதோ சுவரில் தொங்குகிறது. அவருடைய பொருளென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். என் விரலைத் தவிர வேறு யார் விரலுக்கும் அது திறக்காது என்று எழுத எனக்குக் கை துடிக்கிறது. திறக்கிறது. என் பெண்டாட்டி அமுக்கினாலும், என் மகள் அமுக்கினாலும், மழைக்கு ஒதுங்க வந்த தபால்காரர் அமுக்கினாலும் திறக்கிறது.