ஏற்றத்துக்கு ஒரு எஞ்சின்

மேட்டுத் தெருவில் வீடு வாங்கிய எல்லாரும் மலிவு என்றுதான் வாங்கினார்கள். மலிவுக்குக் காரணம் அந்த ஏற்றம். பஸ் ஏறாது. டாக்ஸிக்காரர்களிடம் தெருப் பெயரைச் சொன்னாலே வண்டியில் ஏதோ கோளாறு என்பார்கள். மெக்கானிக்கும் அவர் மனைவியும் குடிவந்த காலத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே வந்து சேர்ந்ததும் வாசலில் நின்று, "காத்துக்கு மட்டும் காசு கேக்கல பாருங்க" என்று அவள் சிரிப்பாள்.

பிறகு அவளுடைய இதயம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கால் வீங்கியது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. வாரம் தவறாமல் கீழே ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போய்த் தூக்கி வந்தார்கள். தங்கமான மனிதர்கள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவளுக்குத்தான் அது ஆகவில்லை. தெருவில் போகிற வருகிற எல்லாரையும் வம்புக்கு இழுக்கிறவள், நாற்காலியில் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

"அவங்க மூச்சு வாங்கறது என் காதுல விழுதுங்க. நான் என்ன பீரோவா, ஆள் வச்சுத் தூக்கறதுக்கு? இனிமே நான் போகல. வர்றது வரட்டும்."

சொன்னபடியே ஒரு வாரம் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் படுக்க முடியாமல், முதுகுக்குத் தலையணையைக் கொடுத்து உட்கார்ந்தபடியே திணறினாள். மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்தவர் தோள் இல்லாமல் இவளை இறக்கி ஏற்ற வேண்டும் என்பதைத் தவிர அவர் தலையில் வேறு எதுவும் நிற்கவில்லை.

வேலை பார்த்த காலமெல்லாம் அவர் ஒரு கோல்ஃப் மைதானத்தின் வண்டிக் கொட்டகையில் இருந்தவர். பணக்காரர்கள் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நடக்காமல் இருப்பதற்காக ஓடும் அந்தப் பொம்மை வண்டிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவர். வருகிற புகார் எப்போதும் ஒன்றுதான்: இழுக்கவில்லை, மேட்டில் திணறுகிறது. கழித்துப் போட்ட பழைய வண்டி ஒன்றைக் கேட்டதும் மைதானத்துக்காரர்கள் இடம் காலியானால் போதும் என்று கொடுத்துவிட்டார்கள்.

முதல் நாள் அவளை ஏற்றிக்கொண்டு வண்டி இறக்கத்தில் நத்தையாக இறங்கியது. திரும்பும்போது பாதித் தெருவில் கனைத்துவிட்டு நின்றுபோனது. பழைய நாலு பேரும் ஓடிவந்து தள்ளினார்கள்.

"நாற்காலியத் தூக்குனவங்க இப்ப வண்டியத் தள்றாங்க. நல்ல முன்னேற்றம்தான்" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். மெக்கானிக்குச் சுருக்கென்றது.

அவளை வீட்டில் விட்டுவிட்டு, வண்டியை நேராகக் கீழே மச்சானுடைய லேத் பட்டறைக்கு உருட்டிப் போனார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. பேச்சு குறைவு, வேலை சுத்தம். பட்டறை மூலையில் ஐஸ் ஃபேக்டரியிலிருந்து வந்த ஜெனரேட்டர் ஒன்று கிடந்தது. மின்சாரம் தரும் பாகம் கருகிவிட்டது, எஞ்சின் மட்டும் குத்துக்கல்லாக இருந்தது. வண்டியின் பழைய எஞ்சினைவிட இரண்டு மடங்கு பலம், இரண்டு மடங்கு எடை.

வேலை ஆரம்பித்தது. பழைய எஞ்சின் உட்கார்ந்திருந்த தட்டை வெட்டி எடுத்து, கனமான தகட்டில் புதிது அடித்தார்கள். எஞ்சின் தண்டும் வண்டியின் பெல்ட் கப்பியும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. மச்சான் பழைய கப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒன்றைக் கடைந்து பொருத்தினான். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது, முன்னால் போக அழுத்தினால் வண்டி பின்னால் பாய்ந்து இரும்புக் குப்பைக்குள் புகுந்தது. ஜெனரேட்டர் எஞ்சின் எதிர்ப் பக்கம் சுற்றுகிற ஜாதி. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, எஞ்சினைக் கழற்றித் திருப்பி உட்காரவைத்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் மச்சான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

"மாமா, பிரேக் பின்சக்கரத்துல மட்டும்தான் இருக்கு. அதுவும் கேபிள் பிரேக். இவ்வளவு கனத்துக்குத் தாங்குமா?"

"என் சர்வீஸ்ல பிரேக் பிடிக்கலன்னு ஒருத்தன் வந்ததில்லடா. கால எடுத்தா நிக்கப்போகுது."

"எதுக்கும் ஒரு தடவ இறக்கத்துல காலியா விட்டுப் பாருங்க மாமா. அக்காவ ஏத்தறதுக்கு முன்னாடி."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வண்டி கீழே பட்டறையில் இருந்ததால் அடுத்த ஊசிக்கு அவள் நாற்காலியில்தான் இறங்கினாள். திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மேட்டுத் தெருவின் முதல் வளைவில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், இரண்டாவது வளைவில் விட்டுவிட்டாள். பழைய வண்டி நின்ற இடத்தை இது ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்தது. நாலு பேரும் வாசலில் நின்று கைதட்ட, அவள் மகாராணி மாதிரி தலையை ஆட்டினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. "என்னைய ஒருத்தரும் தொடலைங்க" என்றாள். அதைக் கேட்டு மெக்கானிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஒரு வாரம் வண்டி வாசலிலேயே நின்றது. அவர் என்ன செய்தார் தெரியுமா? இருக்கைக்குப் புது மெத்தை தைத்தார். வெயில் படாமல் கூரை போட்டார். அவள் கால் நீட்டிக்கொள்ள ஒரு பலகை அடித்தார். அவ்வளவு செய்தவர், இறக்கத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காலியாக விட்டுப் பார்க்கவில்லை. சோம்பேறித்தனம் இல்லை. அவருக்குத் தோன்றவே இல்லை. கோபப்படுகிறவர்கள் படலாம். எனக்கும் கோபம்தான்.

ஊசி நாள் காலையில் அவள் புதுப் புடவை கட்டி அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். வண்டி இறங்க ஆரம்பித்தது. வேகம் கூடுகிறது என்று தெரிந்ததும் மெக்கானிக் வழக்கம்போல ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வண்டி நிற்கவில்லை. எடுத்த கால் அந்தரத்தில் இருக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. மைதானத்தில் அத்தனை வருஷமும் வண்டிகளை நிறுத்தியது பிரேக் இல்லை, புல். முதல் நாள் இந்த இறக்கத்தில் பிடித்து வைத்திருந்தது பழைய எஞ்சினின் இழுவை. புதுக் கப்பியோ, காலை எடுத்ததும் பெல்ட்டை விட்டுவிட்டது. பின்னால் இரண்டு மடங்கு கனம் நெட்டித் தள்ளியது.

பிரேக்கை மிதித்தார். பிடித்தது, தீய்ந்த நாற்றம் வந்தது, பிறகு மிதி தரையைத் தொட்டது. கை பிரேக்கை இழுத்தார். கேபிள் அறுந்து கையோடு வந்தது. முதல் வளைவை எப்படியோ திரும்பிவிட்டார்கள். வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் கருங்கல் சுவர். நேர் கீழே கடைத்தெரு, காலைக் கூட்டம்.

சுவரில் உரசினால்தான் நிற்கும். அது அவளுடைய பக்கம். மெக்கானிக்கின் கை திரும்பவில்லை.

"சுவத்துல சாத்துங்க" என்றாள் அவள்.

"ஐயோ, நீ..."

"கீழ அத்தன பேர் நிக்கறாங்க. சாத்துங்கன்னா!"

சாத்தினார். வண்டி சுவரை வழித்துக்கொண்டே வெகுதூரம் போய், கூரை பிய்ந்து, ஒருக்களித்து நின்றது. மெக்கானிக்குக் கையில் ஒரு சிராய்ப்பு. நாற்காலி தூக்கிய நாலு பேர்தான் முதலில் ஓடிவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு அன்றே நினைவு திரும்பியது. முதுகெலும்பில் அடி, இனி நடக்கமாட்டாள், ஆபரேஷன் செய்ய இதயம் தாங்காது என்று டாக்டர் அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மச்சான் வந்தான், அக்காவைப் பார்த்தான், மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவன் போன பிறகு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். போர்வைக்குள் கையை விட்டு, வீங்கிய அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வண்டி மேல என்ன தப்பு? ஏறும்போது எவ்வளவு அழகா ஏறுச்சு."

அவர் பாதத்தை இறுக்கிப் பிடித்தார்.

"இனிமே வண்டியும் வேணாம், நாற்காலியும் வேணாம். ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சா கால் வீக்கம் வடிஞ்சிடும். அங்கங்க உக்காந்து உக்காந்து நானே நடந்து ஏறிடுவேன். நீங்க கூட மட்டும் வாங்க."

"சரி" என்றார்.

"அங்க போய் ஏன் உக்காந்திருக்கீங்க? கிட்ட வந்து என் கையப் பிடிச்சுக்கலாம்ல?" என்றாள் அவள்.